உள்ளே ஒருவர் இருக்கிறார்

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், உப்பளங்களைப் பார்த்தபடி நிற்கிற இறால் கம்பெனியின் முதலாளி தர்மபாலன் அண்ணாச்சி, தமது அறுபத்திரண்டாவது வயதில், ஆவணி மாதத்து ஒரு புதன்கிழமை மத்தியானம், சாளைமீன் குழம்பும் சோறும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தமது அறையின் பிரம்புக் கட்டிலில் சாய்ந்தபோது, முப்பது வருஷமாக ஒருநாள் தவறாமல் வந்துகொண்டிருந்த உறக்கம் வரவில்லை. அன்றைக்கு வரவில்லை, மறுநாள் வரவில்லை, அப்புறம் வரவே இல்லை. அதே புதன்கிழமை காலையில்தான் அவருடைய கம்பெனியில் ஒரு மெஷின் அணைய மாட்டேன் என்று சொல்லியிருந்தது. இரண்டும் ஒரே சங்கதிதான் என்று எல்லோருக்கும் விளங்க ஒன்பது நாள் ஆயிற்று.

அணைய மறுத்தது கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய மெஷின் அல்ல. ஒரு பெரிய வீட்டைத் தடுத்து ஐந்து குடித்தனத்துக்கு விட்டிருப்பதுபோல, கம்பெனியில் இருந்த ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் ஐந்து கம்ப்யூட்டர்கள் குடியிருந்தன. ஒவ்வொன்றும் தன்னைத் தனி மெஷின் என்றே நினைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்தது. மெய்நிகர் கணினி என்று புத்தகத்தில் போட்டிருக்கும், ஆபீசில் வி.எம். என்பார்கள். மூன்றாவது வி.எம்.மில்தான் ஆட்கள் வருகிற நேரமும் போகிற நேரமும், ஃப்ரீசர் ரூம் கதவு திறந்த நேரமும் மூடிய நேரமும், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் யாராவது பெல் அடித்தால் அந்த நேரமும் பதிவாகும். அதைப் பார்த்துக்கொண்டவள் பிரகாசி.

பிரகாசிக்கு இருபத்தொன்பது வயது. அவளைக் காலேஜ் வரைக்கும் படிக்கவைத்தது அவளுடைய அக்கா சலேத். அதே கம்பெனியில் பதினோரு வருஷம் ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டு இறால் உரித்து, விரல் நுனியெல்லாம் வெளுத்து, ரேகை தேய்ந்து, வருகை மெஷினில் மற்றவர்கள் ஒருமுறை விரல் வைக்கிற இடத்தில் நாலுமுறை வைக்க வேண்டியிருந்த சலேத், நம்பர் 417. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கண்டெய்னர் வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று மேஸ்திரி பொன்ராஜ், உரிக்கிற கூடத்தில் இருந்த நாற்பத்து மூன்று பெண்களும் ஆறு மணி இரண்டு நிமிஷத்துக்கு வெளியே போனதாக ஒரே அழுத்தில் மெஷினில் போட்டுவிட்டு ஃப்ரீசர் ரூமைப் பூட்டியபோது, கடைசி ட்ரேயை அடுக்கிவைக்கப் போன சலேத் உள்ளேயே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்று முழுக்கப் பிரகாசி அக்காவைத் தேடி பஸ் ஸ்டாண்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடற்கரைக்கும் அலைந்தாள். கம்பெனிக்கும் வந்தாள், தன்னுடைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள், 417 வெளியே போய்விட்டதாக அது சொன்னது, அதை நம்பித் திரும்பிப் போனாள். திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தார்கள்.

ஆறு மணிக்கு வெளியே போனவள் ஃப்ரீசர் ரூமுக்குள் எப்படி வந்தாள் என்று கேள்வி வந்தபோது, இறால் திருடத் திரும்பி வந்திருப்பாள் என்று அண்ணாச்சி சொன்னார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வருத்தப்படுகிற மாதிரி, தலையை ஆட்டிக்கொண்டு, போனவளைப் பற்றிப் பேசக் கூடாதுதான் என்று ஆரம்பித்துச் சொன்னார். அதனாலேயே ஊர் நம்பியது. கல்லறைத் தோட்டத்தில் மண் போடுகிறபோதே இரண்டு பேர் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் பிரகாசி மெஷினைத் தோண்டிப் பார்த்தாள்: நாற்பத்து மூன்று பேரும் ஒரே நொடியில் வெளியே போயிருந்தார்கள், ஆறு பத்திலிருந்து ஏழே முக்கால் வரைக்கும் உள்ளேயிருந்து பெல் அடித்திருந்தது. தாளில் எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அன்றைக்கு மெஷின் ரிப்பேர் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. "கம்ப்யூட்டரு ஆயிரம் காட்டும்மா," என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவள் வேலையை விடவில்லை. அக்காவைத் தின்ற இடத்திலேயே போய் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறாளே என்று தெருவில் காறித் துப்பினார்கள். அவள் மூன்று வருஷமும் அந்த மூன்றாவது வி.எம்.மைக் கைக்குழந்தையைப்போல வைத்திருந்தாள். அதற்கு இடம் போதாமல் போனால் இடம் கொடுத்தாள், கெட்டுப்போகாமல் நகல் எடுத்தாள், பழைய பதிவுகளைத் துடைக்கச் சொல்லி வந்த உத்தரவுகளையெல்லாம் மறந்துபோனதாகச் சொன்னாள். தினமும் காலையில் அண்ணாச்சிக்கு வணக்கம் வைத்தாள். அவர் அவளை நல்ல பிள்ளை என்று நினைத்தார்.

ஆவணியில் வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைச் சோதிக்க வரப்போவதாகவும், மூன்று வருஷத்துப் பதிவுகளைக் கேட்பதாகவும் கடிதம் வந்தது. அந்தப் புதன்கிழமை காலையில் அண்ணாச்சி கம்ப்யூட்டர் அறைக்கு வந்து பிரகாசியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"இந்தப் பழச மூடிரு. புதுசு ஒண்ணு வாங்கிக்கிடலாம். இருந்தாத்தான கேப்பான்?"

"இப்பவே மூடணுமா அண்ணாச்சி?"

"நான் பாத்துட்டுப் போறேன்."

தான் மறுத்தால் வேறொருத்தி வந்து மூடிவிடுவாள் என்று பிரகாசிக்குத் தெரியும். கை ஷட்டவுன் கட்டளையை அடித்தது. மனசு, போகாத, போகாத, போகாத என்றது. திரையில் ஒரு வரி வந்தது.

*உள்ளே ஒருவர் இருக்கிறார். அவர் வெளியேறிய பிறகே நிறுத்த முடியும். எண்: 417.*

"யாரு அது?" என்றார் அண்ணாச்சி.

"எங்க அக்கா."

அவர் திரும்பிப் போனார். மத்தியானம் சாப்பிட்டார். கட்டிலில் சாய்ந்தார். மீதியைச் சொல்லிவிட்டேன்.

ஒரு மெஷின் அணையாவிட்டால் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிசை இருக்கிறது. பிரகாசி அதில் ஒன்றையும் விடவில்லை, ஏனென்றால் அண்ணாச்சியின் மருமகன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். கட்டளை உள்ளே போய்ச் சேர்கிறதா என்று பார்த்தாள், சேர்ந்தது. கட்டாயமாக நிறுத்து என்று அடித்தாள். அதே வரி வந்தது. எந்த வேலை முடியாமல் பிடித்துவைத்திருக்கிறது என்று தேடி அதைக் கொன்றாள். கொன்ற இடத்திலேயே அது மறுபடி எழுந்தது. கடைசியில் எலெக்ட்ரீஷியன் அந்தோனியைக் கூப்பிட்டுப் பெரிய கம்ப்யூட்டரின் வயரையே பிடுங்கச் சொன்னார்கள். அவர் சுவரிலிருந்து பிடுங்கினார், யு.பி.எஸ்.ஸையும் கழற்றினார்; நாலு குடித்தனமும் இருட்டாகிவிட்டன, மூன்றாவது மட்டும் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. அந்தோனி வயரின் நுனியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆள் உள்ள இருக்கும்போது எப்பிடி அணையும்?" என்றார். வயரைச் சுருட்டி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

உரிக்கிற கூடத்துச் சுவரில் வருகைத் திரை ஒன்று இருந்தது. ஒவ்வொரு ஷிப்ட் முடிகிறபோதும் அதில் 'உள்ளே: 1' என்று வந்தது. முதல் இரண்டு நாள் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள், திரை ஆள் இருப்பதாகச் சொல்கிறபோது டீ கொடுக்காமல் இருக்க முடியுமா என்று டீக்காரர் ஒரு கிளாஸ் கூடுதலாக ஊற்றினார். நாலாம் நாள் கம்பெனி வேன் டிரைவர், ஒரு ஆள் வரவேண்டியிருக்கிறதே என்று பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்; பிறகு அந்தப் பத்து நிமிஷம் வழக்கமாகிவிட்டது. சலேத்தோடு எட்டு வருஷம் பக்கத்தில் நின்று இறால் உரித்த கிளாரா, தனக்கு இடதுபுறம் ஒரு ஆள் நிற்கிற அளவுக்குத் தள்ளி நின்றுகொண்டாள். சலேத் இன்னும் டூட்டியில் இருக்கிறாள் என்று சொல்வதில் யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை. அவளைத் திருடி என்று பேசியவர்கள்தான் கூசினார்கள். உரிக்கிற மேசையில் அவர்களும் இருந்தார்கள்.

ஒன்பதாம் நாள், கண் இரண்டும் செவ்விளநீரின் நிறத்துக்கு வந்து கூடத்துக்குள் நடந்துபோன அண்ணாச்சியைப் பார்த்துக் கிளாராதான் சொன்னாள்: "அவ உள்ள முழிச்சிக்கிட்டுக் கெடக்கா. இவருக்கு எப்பிடி உறக்கம் வரும்?"

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அது மீன் ஏலக்கூடம் வரைக்கும் போய்விட்டது. அப்புறம் ஊர் அவருடைய விழிப்போடு வாழப் பழகிக்கொண்டது. பாளையங்கோட்டை டாக்டர் கொடுத்த மாத்திரை, யானைக்குக் கொடுத்தாலும் மூன்று நாள் எழுந்திருக்காது என்று சொல்லிக் கொடுத்தது, அவருக்கு ஏப்பத்தை மட்டும் வரவழைத்தது. கசகசாப் பால் குடித்தார், தலைக்கு எண்ணெய் வைத்தார், திருச்செந்தூருக்கு நடந்தே போனார். நடந்தவர்களெல்லாம் மண்டபத்தில் விழுந்து உறங்கினார்கள், அவர் நடுவில் உட்கார்ந்து அவர்கள் குறட்டையைக் கேட்டார். காரில் ராப்பகலாகச் சுற்றினார், மூன்று டிரைவர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். அவருடைய மனைவி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். எந்நேரம் போனாலும் முழித்திருப்பார் என்பதால் சிபாரிசு கேட்கிறவர்கள் நேரம் காலம் பார்ப்பதை விட்டார்கள்.

பிரகாசி நன்றாக உறங்கினாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் ஆபீசுக்கு வந்து அவர் முகத்தைப் பார்க்கிறபோது, மூன்று வருஷமாக இறங்காத சோறு தொண்டைக்குக் கீழே இறங்கியது. ஒவ்வொரு நாளும் அவர் கண்ணுக்குக் கீழே கறுப்பு எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று பார்த்தாள். பார்ப்பதற்காகவே சீக்கிரம் வந்தாள்.

சென்னையிலிருந்து கபிலன் என்ற வல்லுநரை வரவழைத்தார்கள். அவர் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, அண்ணாச்சியின் அறைக்கு வந்தார்.

"சார், மெஷின்ல எந்தத் தப்பும் இல்ல. ஆறு ரெண்டுக்கு ஒருத்தர் வெளிய போனதா ஒரு பதிவு இருக்கு. அது பொய்னு மெஷின் சொல்லுது. அந்தப் பதிவ நீங்கதான் திருத்தணும். முதலாளி கைரேகை வெச்சு, காரணம் எழுதணும். வேற வழி இல்ல."

"என்ன காரணம்?"

"நடந்தது எதுவோ அதுதான், சார்," என்று சொல்லிவிட்டுக் கபிலன் சாப்பிடாமல்கூட ரயிலேறினார்.

அண்ணாச்சி கட்டைவிரலை வைத்து, 'இயந்திரக் கோளாறு' என்று எழுதினார். *காரணம் ஏற்கப்படவில்லை* என்று வந்தது. 'கவனக்குறைவு' என்று எழுதினார். ஏற்கப்படவில்லை. 'மேஸ்திரி பொன்ராஜின் தவறு' என்று எழுதினார். அதைப் பார்த்த பொன்ராஜ் அன்றோடு வேலைக்கு வராமல் நின்றான். மெஷின் அதையும் ஏற்கவில்லை. பிரகாசியைக் கூப்பிட்டார்.

"நீ எழுது. என்ன எழுதினா எடுத்துக்கிடும்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும் அண்ணாச்சி. ஆனா உங்க ரேகைக்குக் கீழ உங்க காரணந்தான் வரணும்."

"ஒன்ன வேலைய விட்டு நிறுத்திருவேன்."

"நிறுத்துங்க. பாஸ்வேர்டு எல்லாம் எழுதித் தாரேன். உறக்கம் அதுல வராது."

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "பாவம் பாக்கக் கூடாதா பிள்ள? அம்பது நாளாச்சு."

"எங்க அக்கா எவ்வளவு நேரம் பெல் அடிச்சான்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அது தெரியும் என்பது பிரகாசிக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுவரைக்கும் அவள் பொய் சொன்னவரை வெறுத்துக்கொண்டிருந்தாள்; அந்த நிமிஷத்திலிருந்து, பெல் சத்தத்தைக் காதால் கேட்டவரை வெறுத்தாள். அறையை விட்டு வெளியே வந்து, சுவரில் கை வைத்து நின்றாள். அந்தக் கோபத்துக்குப் பேர் தேடிக்கொண்டிருக்க அவளுக்கு நேரம் இல்லை. திரும்ப உள்ளே போனாள்.

"ரூமுக்குள்ள வெச்சு எழுத வேண்டாம் அண்ணாச்சி. கூடத்துல வெச்சு எழுதுங்க. மைக்குல சொல்லிக்கிட்டே எழுதுங்க."

அதற்குப் பிறகு இன்னும் இருபத்தொரு நாள் தாங்கினார். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, டீ நேரத்தில், கூடத்துக்கு வந்து வருகைத் திரைக்கு முன்னால் நின்றார். நாற்பத்திரண்டு பெண்களும் கையுறையைக் கழற்றாமல் நின்றார்கள். பிரகாசி மைக்கைக் கொடுத்தாள்.

"சலேத் திருட வரல," என்றார். "அவ வெளியவே போகல. எல்லாரும் போயிட்டதா மொத்தமாப் போடச் சொன்னது நான். வண்டிக்கு நேரமாயிட்டு."

"பெல் சத்தம் கேட்டுச்சா அண்ணாச்சி?" என்று கிளாரா தன் இடத்திலிருந்தே கேட்டாள்.

"கேட்டுச்சு."

"என்ன சொன்னீங்க?"

அவர் மைக்கைக் கீழே இறக்கினார். பிரகாசி அதைப் பிடித்து மறுபடி அவர் வாய்க்கு நேராக வைத்தாள்.

"அந்த பெல்லு சும்மாவே அடிக்கும், கூடத்தப் பூட்டிட்டு வாங்கன்னு சொன்னேன்."

சொன்னதை ஒற்றை விரலால், எழுத்துக்கு எழுத்து தேடி, எழுதினார். கட்டைவிரலை வைத்தார். திரை கொஞ்ச நேரம் யோசித்தது. *417 வெளியேறினார்* என்று வந்தது. அதற்கு எதிரே அன்றைய தேதியும் நேரமும் வந்தன. உரிக்கிற மேசையில் யாரோ ஒருத்தி, "போயிட்டு வா தாயி," என்றாள். திருடி என்று பேசியவர்களில் ஒருத்தி அவள். கிளாரா தனக்கு இடதுபுறம் விட்டிருந்த இடத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், கடைசியில் ஒரு எட்டு நகர்ந்து அதில் நின்றாள்.

அடுத்த வரி வந்தது: *உள்ளே யாரும் இல்லை. நிறுத்தலாமா?*

அண்ணாச்சி பாய்ந்து பட்டனை அழுத்தினார். *உங்களுக்கு அனுமதி இல்லை* என்றது. அவர் பிரகாசியைப் பார்த்தார். அவள் ஏற்கனவே எழுதிவைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தை அவர் சட்டைப் பையில் செருகினாள்.

"இங்க நாப்பத்திரண்டு பேரு இருக்காவ. யாரு அழுத்தினாலும் நிக்கும்," என்று சொல்லிவிட்டு, கூடத்தின் நடுவே நடந்து, வாசலைத் தாண்டிப் போனாள்.

மெஷின் நிற்கிற வரைக்கும் உறக்கம் வராது என்று அவர் திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பெண்ணையும் பேர் கேட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். முப்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்தப் பேர்களைக் கேட்டார். கிளாரா, நீ அழுத்தம்மா என்றார். கையில இறால் வாடை அண்ணாச்சி, மெஷின் கெட்டுப்போகும் என்றாள் கிளாரா. அமலி, நீயாவது. எனக்குப் படிக்கத் தெரியாது அண்ணாச்சி, எதையாவது மாத்தி அழுத்திட்டா? மரியபுஷ்பம். வேன் போயிரும் அண்ணாச்சி, நாளைக்குப் பாப்போம். எல்லோரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, சிரித்து, ஒருத்தர் விடாமல் அவரைத் தாண்டிப் போனார்கள். அவர் கூடத்தில் சொன்னதைக் கேட்டவர்கள் ஸ்டேஷனிலும் போய்ச் சொன்னார்கள், வழக்கு பதிவானது, வக்கீல் ஜாமீன் வாங்கிக் கொடுத்தார். ஜாமீனில் வந்தவர் நேராக அந்த நாற்காலிக்குத்தான் வந்தார்.

முப்பத்தேழு நாள் கழித்து, ஒரு பகல் பதினோரு மணிக்குப் பிரகாசி வந்தாள். பதிவின் நகலை அவள் கையாலேயே எடுத்துத் தரும்படி கோர்ட்டு கேட்டிருந்தது. எடுத்து முடித்துவிட்டுக் கூடத்துக்கு வந்து, அவர் முன்னால் நின்றாள். அவர் மெலிந்து, காய்ந்த நெத்திலிபோல இருந்தார். மன்னித்துவிடலாமா என்று அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். மனசு மசியவில்லை.

"படுத்துக்கிடுங்க அண்ணாச்சி. நான் அழுத்துதேன்."

அவருக்குக் கண்ணீர் வந்தது. பெண்கள் ஓடிப்போய் ட்ரே அடுக்குகிற பலகையைக் கொண்டுவந்து போட்டார்கள். அவர் அதில் மல்லாந்து படுத்து, கைகளை மார்பின்மேல் வைத்துக்கொண்டார். பிரகாசி பட்டனில் விரலை வைத்துக்கொண்டு, குனிந்து, அவர் காதுக்குக் கேட்கிற அளவுக்குப் பேசினாள்.

"ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கிடுங்க. இத்தன நாளு உள்ள எங்க அக்கா இருந்தா. இப்பப் போயிட்டா. அந்த ரூம் காலியாத்தான் கெடக்கு. கண்ண மூடினதும் நீங்க எங்க போவீங்கன்னு எனக்குத் தெரியாது."

அது நிஜமா என்று பிரகாசிக்கே தெரியாது. ஆனால் அண்ணாச்சியின் கை மெதுவாக எழுந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அவளுடைய விரலைப் பட்டனிலிருந்து அவரே எடுத்துவிட்டார்.

"இன்னைக்கு வேண்டாம்," என்றார்.

"உங்க இஷ்டம்," என்று பிரகாசி பையை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி பஸ்ஸுக்குப் போனாள். அங்கே அவளுக்கு வேறு வேலை கிடைத்திருந்தது.

அந்த மெஷின் இன்னும் ஓடுகிறது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வயர் இல்லாமல் ஓடுவதைப் பற்றி அறிக்கையில் ஒன்றும் எழுதவில்லை. வழக்கு வாய்தா வாய்தாவாகப் போகிறது. அண்ணாச்சி ஒவ்வொரு சாயங்காலமும், ஆறு மணிக்கு, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஃப்ரீசர் ரூமுக்குள் தாமே போகிறார். நாற்பத்திரண்டு பேருடைய பேரையும் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுக் கூப்பிட்டு, எல்லோரும் வெளியே இருந்து 'இருக்கேன்' என்று சொன்ன பிறகு, கடைசித் தட்டு வரைக்கும் குனிந்து பார்த்துவிட்டு, பல் கிட்டித்துப்போய் வெளியே வருகிறார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

போன வாரம் அப்படி வெளியே வந்து அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றபோது, கிளாரா கதவோரம் வந்து நின்றாள்.

"அந்த மூலையில பாத்தீங்களா அண்ணாச்சி?"

"பாத்தேன்."

"எதுக்கும் இன்னொரு தடவ போயிப் பாத்துருங்க."

அவர் அவளைப் பார்த்தார். மற்ற பெண்களும் வேனுக்குப் போகாமல் நின்றார்கள். அவர் கம்பளிச் சட்டையின் பொத்தானை மறுபடி போட்டுக்கொண்டு உள்ளே போனார். கதவின் கைப்பிடி கிளாராவின் கையில் இருந்தது.